தவறி விழுந்த பூனையின் நகம்

முகப்பேர்
14.6.1993

அன்புள்ள ரோஸிக்கு,

மேலே சிலுவை போட்டு எழுதித்தான் பழக்கம். உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு உன் அப்பா பழக்கிவிட்டது. நீ இப்போது இந்து வீட்டில் வாழ்கிறாய், உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று போட்ட சிலுவையை அடித்துவிட்டேன். அடித்த பிறகு பார்த்தால் அது இன்னும் மோசமாகத் தெரிகிறது. மன்னித்துக்கொள்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும். விசாரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூனை மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே மிருக டாக்டர் நீதான்.

பூனைக்குப் பெயர் சுங்கடி. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி, உன் மருமகள், என் மகள் ஞானா வைத்த பெயர். நேற்று சர்ச்சில் பூசை முடிந்து வந்து சமையலுக்கு உட்கார்ந்தேன். பால்கனிக்குக் கீழே சன்ஷேடில் ஒரு புறா. சுங்கடி கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்ததைப் பார்த்தேன், பின்கால் வழுக்கியதையும் பார்த்தேன். இரண்டு முன்காலாலும் சிமெண்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. பறண்டுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் ஓடிப் போவதற்குள் இல்லை.

ஞானா போட்ட கூச்சலில் தரைத்தள வீட்டு கஜபதி வெளியே வந்து, "டீச்சரம்மா, பூனைக்கு ஒண்ணும் ஆவாது. அது காலாலதான் வுழும்" என்று மேலே பார்த்துக் கத்தினார். உண்மையிலேயே அது எழுந்து நடந்தது. சந்தோஷத்தில் கிண்ணம் நிறையப் பால் வைத்தோம். குடித்த பால் ரத்தத்தோடு மூக்கு வழியாக வந்தது. கீழ்த்தாடை நடுவில் பிளந்து இரண்டாக ஆடுகிறது. முன்கால் நகமெல்லாம் பிய்ந்து போயிருக்கிறது. இன்று கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கிறது. கஜபதியின் மனைவி கஸ்தூரி, காய்ச்சல் மாத்திரையைக் கரைத்துக் கொடு, வலி தெரியாது என்கிறாள். கரைத்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

இதை எடுத்து வரும் வசந்தா என்னோடு பள்ளியில் வேலை செய்கிறவள். ஐயப்பன்தாங்கலில் வீடு. பதிலை அவளிடமே கொடு. உன் அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

சாராள்


பூந்தமல்லி
15.6.1993

அண்ணிக்கு,

நான் சிலுவையும் போடுவதில்லை, பிள்ளையார் சுழியும் போடுவதில்லை. பேனா எழுதுகிறதா என்று ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

முதலில் பூனை, அப்புறம் கோபம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு எருமை கன்று போட முடியாமல் கத்திக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் எழுத வேண்டும்.

கரைத்த மாத்திரையைச் சாக்கடையில் ஊற்றுங்கள். நமக்குக் காய்ச்சலை இறக்குவது பூனைக்கு விஷம். பாலும் போதும். மேல்வாயும் பிளந்திருக்கிறது, அதனால்தான் மூக்கில் வருகிறது. இன்னும் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர்கூட வாயில் விடாதீர்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம், மார்பையும் வயிற்றையும் அழுத்த வேண்டாம். ஒரு முறத்தில் பழைய புடவையை மடித்துப் போட்டு, பூனையை அதன்மேல் மெல்ல நகர்த்தி, முறத்தோடு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். காற்றுக்கு ஓட்டை போடுங்கள். இருட்டாக இருந்தால் பயம் அடங்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நாளை காலை வசந்தா டீச்சரிடம் கொடுத்து அனுப்பலாம். வெளுத்திருந்தாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே ஆட்டோ பிடித்து வாருங்கள். அண்ணனுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

கஜபதி சொன்னது சரிதான், பூனை காலால்தான் விழும். கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது. முகம் தரையில் மோதித் தாடை பிளக்கும், நெஞ்சுக்குள் காற்று கசியும். விழுந்த அன்று நடந்துவிட்டு மறுநாள் செத்துக் கிடக்கிற பூனைகள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லார் வீட்டிலும் இதே பேச்சுத்தான், காலால்தானே விழுந்தது என்று.

நகத்துக்கு மருந்து வேண்டாம், வளர்ந்துவிடும். தவறி விழுகிற பூனை கடைசிவரை பிடித்துப் பார்க்கும். சிமெண்டோ மரமோ, நகத்தை அதில் விட்டுவிட்டுத்தான் விழும். என் மேஜைக்கு வந்த மாடிப் பூனைகளில், தவறி விழுந்த ஒன்றுக்குக்கூட முன்கால் நகம் முழுசாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிழைத்தால் பால்கனிக்கு வலை கட்டுங்கள். மீன் பிடிக்கிற நைலான் வலை போதும், மேலிருந்து கீழ்வரை சந்து விடாமல். என் வீட்டுக்காரர் வாங்கி அனுப்புவார்.

இப்போது கோபம். எங்கள் வீடு கத்தோலிக்கம், நீங்கள் சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், வேண்டாம் என்று அப்பா குதித்தபோது சோறு தின்னாமல் கிடந்து உங்களை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். நான் ஜானகிராமனைக் கட்டிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றபோது அண்ணன் கையை ஓங்கினான். அவன் ஓங்குவான் என்று எனக்குத் தெரியும். ஆனால் கதவைச் சாத்திய கை உங்களுடையது. வளையல் சத்தம் கேட்டது. அதை மறக்க எனக்கு மனசு வரவில்லை.

நாங்கள் திருவேற்காட்டில் ஓட்டு வீட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. அதனால் எங்கள் பூனைகளுக்கு ஆயுசு கெட்டி.

ரோஸி


முகப்பேர்
9.7.1993

அன்புள்ள ரோஸி,

சுங்கடி பிழைத்துவிட்டது. கீழ்த்தாடையில் நீ போட்டு முறுக்கிய கம்பியோடு மீன் குழம்புக் கஞ்சியை நக்குகிறது. ஞானா அதற்குப் பல் டாக்டர் வேலை பார்க்கிறாள். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

உன் வீட்டுக்காரர் அனுப்பிய வலையை நானும் ஞானாவும் சேர்ந்து கட்டினோம். உன் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தவர், "இன்னாடி இது, ஊடா மீன் மார்க்கெட்டா?" என்றார். பள்ளியில் கொடுத்தார்கள், குழந்தை விழாமல் இருக்கும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

போன வாரம் சுங்கடி அவர் எதிரில் கொட்டாவி விட்டது. கம்பி பளிச்சென்று தெரிந்தது. "எவன் கட்டுனான் இந்தக் கம்பிய?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஞானா, "ரோஸி அத்தை!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். உன்னைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் உன்மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை. குழந்தைக்குப் பொய் சொல்லிக்கொடுக்க மறந்துபோனது என் தவறு.

அன்று மாலை நான் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கிறது. வலது காதில் எதுவும் கேட்கவில்லை, ஒரு இரைச்சல் மட்டும். பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை.

கதவைப் பற்றி எழுதியிருந்தாய். ஆமாம், நான்தான் சாத்தினேன். சாத்தாமல் இருந்திருந்தால் அந்தக் கை உன்மேல் விழுந்திருக்கும். சாத்திய பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று நீ கேட்டதே இல்லை.

சாராள்


திருவேற்காடு
13.7.1993

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கை கழுவப் போனேன். கழுவிய கையை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினார்.

நீங்கள் டீச்சர், "விழுந்துவிட்டேன்" என்று சுத்தமாக எழுதுகிறீர்கள். அம்பத்தூரில் எங்கள் வீட்டில் அதற்கு "வுழுந்துட்டா" என்று பெயர். அம்மாவுக்கு முன்பல் போனபோது வுழுந்துட்டா. கை உடைந்தபோது வுழுந்துட்டா. அப்பா செருப்பால் அடித்து நெற்றி கிழிந்த அன்றும் வுழுந்துட்டாதான். தெருவே அப்படித்தான் சொல்லும். "ராயப்பன் பொண்டாட்டி மறுபடியும் வுழுந்துட்டாடி." யாரும் பொய் சொல்வதாக நினைத்துச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். வெளியூர்ப் பிள்ளைகள் நிஜமாகவே கால் தடுக்கி விழுந்தால் எனக்குச் சின்ன வயதில் புரியாது, இவர்களை யார் அடித்தார்கள் என்று பார்ப்பேன்.

அம்மா கடைசியாக விழுந்தது கிணற்றடியில். அதற்கப்புறம் எழவில்லை. சர்ச்சிலிருந்து சாமியார் வந்து கேட்டபோதும் அப்பா அதையே சொன்னார், பக்கத்தில் நின்று அண்ணனும் தலையாட்டினான். அன்று அவன் அழுத அழுகையைப் பார்த்து, இவன் அப்பா மாதிரி ஆகமாட்டான் என்று நம்பித்தான் உங்களுக்கு அவனைக் கட்டிவைக்கச் சண்டை போட்டேன்.

ஆகவே கேட்கிறேன். குளியலறையில் எப்படி விழுந்தீர்கள்? வலது காது கேட்கவில்லை என்றால் இடது கையால் அடித்திருக்க வேண்டும். அண்ணன் இடது கைக்காரன். காது டாக்டரிடம் போங்கள். பிறகு இங்கே வாருங்கள்.

அன்று கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? கேட்காதது என் தப்பு. இப்போது கேட்கிறேன்.

ரோஸி


முகப்பேர்
20.7.1993

ரோஸி,

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உன் அம்மாவுக்கு நடந்ததை என் வீட்டில் கொண்டுவந்து ஒட்டாதே. பூனைக்கு வைத்தியம் கேட்டேன், எனக்குக் கேட்கவில்லை. உன்னை வேண்டாம் என்று ஒதுக்கிய அண்ணன்மேல் உனக்கு வன்மம், அதைத் தீர்த்துக்கொள்ள என்னைப் பிடித்துக்கொள்கிறாய்.

அவர் கெட்டவர் இல்லை. காலையில் ஞானாவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது அவர்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பார். ஒரு நாள் விழுந்ததை வைத்து ஒரு குடும்பத்தைக் கலைக்கச் சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு நாத்தனார்.

இனி எழுத வேண்டாம்.

சாராள்


முகப்பேர்
30.8.1993

ரோஸி,

வலை அறுந்து சுங்கடி மறுபடி விழுந்துவிட்டது. முறத்தில்தான் வைத்திருக்கிறேன். பால் கொடுக்கவில்லை, தண்ணீரும் விடவில்லை. ஈறு வெள்ளையாக இருக்கிறது. வசந்தா ஆட்டோவில் கொண்டுவருகிறாள். நான் வர முடியாது. எப்படியாவது காப்பாற்று. ஞானா சாப்பிட மறுக்கிறாள்.

சாராள்


பூந்தமல்லி
30.8.1993

அண்ணி,

சுங்கடி செத்துவிட்டது. நான்தான் ஊசி போட்டு முடித்தேன். முதுகெலும்பு நடுவில் இரண்டாகப் போயிருந்தது, பின்கால் இரண்டும் துணி மாதிரி தொங்கின. ஒரு பக்க விலா முழுவதும் உள்ளே குத்தியிருந்தது. கத்தக்கூட அதற்கு மூச்சு இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் கட்டிய கம்பி மட்டும் அப்படியே கெட்டியாக இருந்தது. ஊசி ஏறும்வரை அது என் விரலை நக்கியது. இந்த வேலைக்கு வந்த பிறகு நான் மேஜையில் தலைவைத்து அழுதது இன்றைக்குத்தான்.

இனி நான் எழுதுவதைக் கிழித்து அடுப்பில் போட்டாலும் பரவாயில்லை, வாசித்துவிட்டுப் போடுங்கள்.

விழுகிற பூனை காற்றிலேயே உடம்பைத் திருப்பிக்கொள்ளும், காலால் இறங்கும். இது விலாவில் இறங்கியிருக்கிறது. பின்காலைப் பிடித்துச் சுழற்றி வீசினால்தான் திருப்பிக்கொள்ள நேரம் இருக்காது. முன்கால் இரண்டையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன். நகம் முழுசாக இருந்தது, ஒன்றுகூடப் பிய்யவில்லை. அதில் சிமெண்டுத் தூள் இல்லை, மனுஷத் தோல் இருந்தது.

அந்த வலையை என் வீட்டுக்காரர் இழுத்துப் பார்த்து வாங்கினார். ஒரு பூனை கனத்துக்கு அது அறுந்துபோகாது. அறுந்த ஓரம் பிசிறாக இருக்கிறதா, கத்தி வைத்தமாதிரி நேராக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அண்ணனின் கையையும் பாருங்கள்.

சுங்கடி விழவில்லை, அண்ணி. என் அண்ணன் அதைக் கொன்றான். ஞானாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரோஸி


ஐயப்பன்தாங்கல்
4.9.1993

ரோஸி,

வலையின் ஓரம் நேராக இருக்கிறது. நான் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் அறுத்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கறி வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய் வலையைக் கிழித்தார். சுங்கடி ஊஞ்சல் பலகையில் தூங்கிக்கொண்டிருந்தது. "என் தங்கச்சி கட்டுன கம்பி எவ்ளோ கெட்டியா கீதுன்னு பாக்கலாம்" என்றார். பின்காலைப் பிடித்துத் தூக்கினார். அது மணிக்கட்டில் கீறிய கீறலில் ரத்தம் கொட்டியது. அதற்குப் பிறகுதான் அவருக்கு வெறி ஏறியது. ஒரு தடவை சுவரில் அடித்தார். பிறகு சுழற்றி வீசினார். நான் கையைப் பிடிக்கப் போய், முழங்கையால் வாங்கியதில் உதடு கிழிந்தது. இதை நான் விழுந்தேன் என்று எழுதப்போவதில்லை.

ஞானா எல்லாவற்றையும் பார்த்தாள். அழக்கூட இல்லை. "அப்பா, அது காலால வுழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

நேற்று உன் கடிதத்தை என் பையில் பார்த்துவிட்டார். என்னை ஒன்றும் செய்யவில்லை. ஞானாவைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் கால் வெளியே தொங்கும்படி உட்காரவைத்தார். கவுனின் பின்பக்கத்தை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். கொக்கி தெறித்துத் துணி இழுபடுவதை நான் பார்த்தேன். "பூன காலால வுழும். இவ எதால வுழுவான்னு சொல்லு டீச்சர்" என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். அது நிஜமாகவே விழுந்தது. இனி உனக்கு எழுதமாட்டேன் என்று மாதா படத்தின்மேல் கைவைத்துச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் இறக்கினார். இறக்கியதும் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பி அழுதார். அந்த அழுகையைத்தான் நான் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நீ வந்து நின்ற அன்று கதவுக்கு இந்தப் பக்கம் நடந்ததைக் கேட்டாய். அப்போது ஞானாவுக்கு முன்னால் ஒன்று என் வயிற்றில் இருந்தது. அதுவும் விழுந்துவிட்டது.

எனக்கு அவரைப் பார்த்தால் பயம் இல்லை, ரோஸி. அந்தச் சுவரைப் பார்த்தால்தான் பயம். மறுபடி தூக்குவார். இதை வசந்தாவின் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்ன செய்யட்டும், சொல்.

சாராள்


திருவேற்காடு
5.9.1993

அண்ணி,

நீங்கள் கதவைச் சாத்தியதற்கு இத்தனை வருஷம் உங்களைத் திட்டியிருக்கிறேன். அதற்கு என்ன பதில் எழுத முடியும்? நேரில் வாருங்கள், உங்கள் காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

எட்டாம் தேதி மாதா பிறந்தநாள். அண்ணன் வருஷா வருஷம் காவித் துண்டு கட்டிக்கொண்டு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்து போவான், திரும்ப மறுநாள் ஆகும். அன்று மத்தியானம் ஜானகிராமன் பஸ் டிப்போவில் லீவு சொல்லிவிட்டு ஆட்டோவோடு வருவார். குழந்தையின் துணி, உங்கள் சர்டிபிகேட், அவ்வளவுதான் எடுக்க வேண்டும். பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாம்.

அதுவரைக்கும் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை அரிசிக்குள் போடுங்கள். ஞானா அவன் கைக்கு எட்டாத இடத்திலேயே இருக்கட்டும்.

ரோஸி


ஐயப்பன்தாங்கல்
9.9.1993

ரோஸி,

உன் அண்ணன் விழுந்துவிட்டார்.

உயிர் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். ஜானகிராமன் உன்னிடம் பாதி சொல்லியிருப்பார், அவர் ஆட்டோவில் வந்தபோது போலீஸ் நின்றுகொண்டிருந்தது.

இந்த வருஷம் அவர் மாதா கோயிலுக்கு நடந்து போகவில்லை. காலையில் காவித் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினார், முகப்பேர் எல்லை தாண்டவில்லை, திரும்பி வந்துவிட்டார். கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தார். வீடெல்லாம் தேடி, அரிசியைக் கொட்டிப் பால்கனிச் சாவியை எடுத்தார். டீ போடச் சொன்னார். டம்ளரோடு பால்கனிக்குப் போய் முதுகை வெளியே காட்டிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, ஞானாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "போ. யாரு வாணான்னா? இவள இங்கியே வுட்டுட்டுப் போ" என்று சிரித்தார்.

ஞானா தாகமாக இருக்கிறது என்றாள். இறக்கிவிட்டார். அவள் உள்ளே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். அவள் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. அப்போதுதான் அவர் விழுந்தார். தவறி விழுந்துவிட்டார். ஞானா எதையும் பார்க்கவில்லை.

வலை இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டார். இதை நான் போலீஸிடமும் சொன்னேன்.

ஜானகிராமன் உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் வரவில்லை, வசந்தா வீட்டில் இறங்கிக்கொண்டேன். உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எந்த முகத்தோடு உன் வாசலுக்கு வருவது? நீ அவரைப் போய்ப் பார்ப்பாய். பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நீ என்ன செய்தாலும் அது நியாயம்தான். போலீஸ் இன்னும் கேஸை மூடவில்லை. ஞானாவை மட்டும் கைவிடாதே.

சாராள்


திருவேற்காடு
12.9.1993

அண்ணி,

அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் மாடிச் சன்ஷேடில் அடித்து, கஸ்தூரி காயப்போட்டிருந்த மெத்தையின் ஓரத்தில் விழுந்திருக்கிறான். அந்த மெத்தை இல்லையென்றால் இந்நேரம் அடக்கம் முடிந்திருக்கும். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. கீழ்த்தாடை நடுவில் பிளந்திருக்கிறது. நாளைக்குக் கம்பி போட்டுக் கட்டப்போகிறார்கள். சுங்கடிக்கு நான் கட்டிய அதே இடம்.

முகத்தைப் பார்க்கும் முன்னால் கையைத்தான் பார்த்தேன். பழக்கம் அப்படி. போர்வைக்கு வெளியே இரண்டு கையையும் எடுத்து விரல் விரலாகப் பிரித்தேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போன கை அது. உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை. பத்து நகமும் முழுசாக இருந்தன. மணிக்கட்டில் சுங்கடி கீறிய காயம் மட்டும் இன்னும் ஆறாமல் இருந்தது.

நான் நகத்தைப் பார்ப்பதை அவன் பார்த்தான். எதற்குப் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது ஸ்டேஷனிலிருந்து வீரராகவன் என்று ஒரு ஏட்டு வந்தார். நாளைக்கு வாயைக் கட்டிவிடுவார்கள், இன்றைக்கே எழுதிக்கொள்ள வேண்டும் என்று அவசரப்பட்டார். "இன்னாப்பா ஆச்சு? யாருனா தள்ளுனாங்களா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். பிறகு, "யாரும் தள்ளல சார். வுழுந்துட்டேன்" என்றான்.

அண்ணி, அது அம்மாவின் குரல். அதே மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, அதே மாதிரி உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னான். உங்கள்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. பொண்டாட்டி கையால் விழுந்தேன் என்று சொல்ல ராயப்பன் மகனுக்கு நாக்கு வராது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஏட்டுக்குத் திருப்தி இல்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க டாக்டராமே, தங்கச்சி வேற. நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார்.

"எங்க குடும்பத்துல இது வழக்கம் சார். எங்கம்மாகூட இப்படித்தான், அடிக்கடி வுழுந்துருவாங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கேஸ் முடிந்தது.

அண்ணனுக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். துண்டை நனைத்து முகம் துடைத்தேன். அவன்மேல் எனக்குப் பாசம் போகவில்லை, அதைப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இடுப்பு கூடிவிடும், ஒருநாள் நடப்பான். நடந்து வந்து கதவைத் தட்டினால் இந்த முறை சாத்தப்போகிற கை என்னுடையது. வளையல் சத்தம் அவனுக்குக் கேட்கட்டும்.

நீங்கள் என்னிடம் எதையும் சொல்ல வேண்டாம். நான் கேட்கமாட்டேன். எந்த முகத்தோடு வருவது என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிற முகத்தோடு வாருங்கள், உதடு சரியாக ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

ஞானாவுக்குத் தனிக் கட்டில் போட்டாயிற்று. ஜானகிராமன் நேற்று மறுபடியும் வலை வாங்கி வரட்டுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். எங்கள் வீட்டுக்குத்தான் மாடி கிடையாதே, அண்ணி. வந்துவிடுங்கள்.

ரோஸி